காரைக்குடியில சுகர் ஸ்ட்ரிப் வாங்குறது: ஒரு மெடிக்கல் கடை, ஒரு மெஷின், ரெண்டுக்கும் சேத்து ரிவ்யூ

குளுக்கோமீட்டர், அதாவது வீட்டுலயே சுகர் பாக்குற மெஷின், வாங்கப் போறவங்க மொதல்ல கேக்குறது மெஷின் எம்புட்டுன்னுதான். அத விடுங்க. மெஷின் ஒருதடவ செலவு, ஆஃபர் வந்தா ஸ்ட்ரிப்பும் சேத்து மலிவாவே கொடுத்துருவாங்க. அதுக்கப்பறம் மாசாமாசம் காசு போறது ஸ்ட்ரிப்புக்குத்தான், அதாவது ரத்தச் சொட்ட தொடுறதுக்கு மெஷின்ல சொருகுற சின்னப் பட்டைக்கு. ஒரு கம்பெனி மெஷினுக்கு இன்னொரு கம்பெனி ஸ்ட்ரிப் ஆகாது, ஒரே கம்பெனிக்குள்ளயே ஒரு மாடல் ஸ்ட்ரிப் இன்னொரு மாடலுக்குப் பல நேரம் ஆகாது. அதனால சென்னையில உக்காந்து எழுதுன ரிவ்யூவ படிச்சுட்டு மெஷின் ஆர்டர் போடாம, உங்க ஊர் மெடிக்கல்ல எந்த ஸ்ட்ரிப் வருஷம் பூரா நிக்குதுன்னு பாத்துட்டு அதுக்கேத்த மெஷின வாங்குங்க. நான் பள்ளத்தூர்ல இருந்துக்கிட்டு அப்பத்தாவுக்கு சுகர் பாக்குற ஆளு, சாமானுக்கெல்லாம் காரைக்குடியத்தான் நம்பி இருக்கோம், அத வச்சு எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

எங்க வீட்டுக்கு முதல்ல வந்தது சிங்கப்பூர் மெஷின். அயித்தை லீவுக்கு வரும்போது கோடாலித் தைலம், சாக்லேட்டோட அதையும் பெட்டியில போட்டுக் கொண்டாந்துருச்சு. நல்ல அழகான மெஷின், ஜிப் வச்ச பவுச்சு, குறை சொல்ல ஒண்ணுமில்ல. அப்பத்தாவுக்கு குத்திப் பாத்தா 7.2ன்னு காட்டுது. அம்புட்டுத்தான், "எனக்கு சக்கரையே இல்லைன்னு மெஷினே சொல்லிருச்சு அப்பு, அந்தக் கந்தரப்பத்துல ஒண்ணு எடுத்தா"ன்னு ஆரம்பிச்சிருச்சு. சிங்கப்பூர், மலேசியா, லண்டன் பக்கமெல்லாம் மில்லிமோல் கணக்கு, நம்ம ஊர்ல டெசிலிட்டருக்கு எத்தன மில்லிகிராம்ங்குற கணக்கு. அந்த நம்பர 18ஆல பெருக்குனாத்தான் நம்ம நம்பர் வரும், 7.2ன்னா கிட்டத்தட்ட 130, 10ன்னா 180. நெறய மெஷின்ல இந்த யூனிட்ட நம்ம மாத்தவே முடியாது, ஃபேக்டரியிலயே செட் பண்ணி விட்டது. இதுல இன்னொரு கூத்து, லேப்ல எடுக்குற எச்பிஏ1சி ரிசல்ட்டும் 7.2, 7.5ன்னுதான் வரும், அது சதவீதம், ரெண்டு மூணு மாச சராசரிய சொல்றது, அந்த 7.2ம் இந்த 7.2ம் ஒண்ணு கிடையாது. அயித்தை கொண்டுவந்த ஸ்ட்ரிப் தீந்ததும் அந்த மாடலுக்கு இங்க எந்தக் கடையிலயும் ஸ்ட்ரிப் இல்ல. வெளிநாட்டுலேர்ந்து சொந்தக்காரங்க மெஷின் வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டா வேணாம்னு சொல்லிருங்க, செட்டிநாட்டுல பாதி வீட்டு பீரோவுல இந்த மாதிரி ஒரு மெஷின் தூங்குது.

சரி, கடை விஷயத்துக்கு வர்றேன். எங்க ஊர் மெடிக்கல்ல மாத்திரை எல்லாம் கிடைச்சிரும், ஸ்ட்ரிப் மட்டும் "நாளைக்கு வரச்சொல்லிருக்கேன் தம்பி" கதைதான், அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, ஓடாத சரக்க வாங்கி வச்சு எக்ஸ்பைரி ஆனா அவங்களுக்குத்தான நட்டம். காரைக்குடில கடைக்குப் பஞ்சமில்ல, பெரியார் சிலையில எறங்கி செக்காலை ரோட்டுப் பக்கம் நடந்தாலே வரிசையா மெடிக்கல்தான். ஆனா எல்லாக் கடையும் ஒண்ணு கிடையாது. ஒரு கடையில ஸ்ட்ரிப் டப்பாவ எல்லாம் முன்னாடி கண்ணாடி ஷோகேஸ்ல அடுக்கி வச்சிருக்காங்க, மேக்க பாத்த கடை, மத்தியானத்துலேர்ந்து வெயில் நேரா அது மேலதான் விழுகுது. இன்னொரு கடையில திறந்த டப்பாவுலேர்ந்து பத்து ஸ்ட்ரிப்ப எண்ணி மாத்திரை போடுற பேப்பர் கவர்ல போட்டு நீட்டுனாங்க, "எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க"ன்னு வேற சொன்னாங்க. தயவுசெஞ்சு அப்படி வாங்காதீங்க. பத்துதான் வேணும்னா கம்பெனியே பத்து போட்டு சீல் வச்ச டப்பா சில மாடல்ல வருது, அதக் கேளுங்க.

ஏன்னு கொஞ்சம் சொல்லிடுறேன். ஸ்ட்ரிப் நுனியில ஒரு என்சைம் தடவியிருக்கும், ரத்தத்துல உள்ள குளுக்கோஸ் அதோட வினை ஆகும்போது ரொம்ப சின்னதா ஒரு கரண்ட் உண்டாகும், மெஷின் அந்தக் கரண்ட அளந்துதான் நம்பர் சொல்லுது. 1962ல அமெரிக்காவுல கிளார்க்குங்குறவர் ஆரம்பிச்சு வச்ச யோசனை, அடிப்படை இன்னைக்கும் அதேதான். சுத்தமான மின்வேதியியல், அதாவது அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் எடம் குடுத்து, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டுனாரே நம்ம ஊர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிக்ரி, அங்க பாக்குற அதே சப்ஜெக்ட்டு. (ஊர்லயே அம்புட்டுப் பெரிய லேப வச்சுக்கிட்டு ஒரு சீல் வச்ச டப்பாவுக்கு நாம அலையுறோம்னு வாங்க வரும்போதெல்லாம் நெனச்சுக்குவேன்.) அந்த என்சைமுக்கு சூடும் ஈரமும் ஆகாது. அதுக்குத்தான் டப்பாவுக்குள்ளயே ஈரத்த இழுக்குற சரக்க வச்சு டக்குனு மூடுற மூடி போட்டு விக்கிறாங்க. பேப்பர் கவர்ல போட்டா அந்த வேலையெல்லாம் வீணு, ரீடிங் ஏறியும் வரும், எறங்கியும் வரும், பெரியவங்க மாத்திரைய அத வச்சு கூட்டிக் குறைச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க.

இப்ப நாங்க வாங்குற கடை. பேரு போட வேணாம்னு கடைக்கார அண்ணனே சொல்லிட்டாரு, போட்டா எல்லாரும் போன்லயே டாக்டர்கிட்ட கேக்குற மாதிரி கேக்குறாங்களாம். சின்னக் கடைதான், ஏசியெல்லாம் கெடையாது, ஆனா ஸ்ட்ரிப்ப உள்பக்கம் நெழலான அலமாரியில வச்சிருக்காரு, பில்லுல பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி எல்லாம் போட்டுத் தர்றாரு, எக்ஸ்பைரி கிட்ட வந்த டப்பாவ அவரே எடுத்துக் காட்டி "இது ரெண்டு மாசந்தான் வரும், தெனம் பாக்குறவங்கன்னா எடுத்துக்கங்க, இல்லன்னா புதுசு நாளான்னைக்கு வரும்"னு சொல்லிருவாரு. இந்த ஒரு வார்த்தைக்காகவே நான் வேற கடைக்குப் போறதில்ல. விலையில பெருசா குறைக்க மாட்டாரு, எம்ஆர்பியில ஏதோ கொஞ்சம். 2025 செப்டம்பர் 22லேர்ந்து குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜிஎஸ்டி 12லேர்ந்து 5 சதவீதமா கொறஞ்சுச்சுல்ல, பழைய எம்ஆர்பி அச்சடிச்ச டப்பாவுக்கும் அவரே கணக்குப் போட்டு கழிச்சுத்தான் குடுத்தாரு, நான் கேக்கக்கூட இல்ல. குறைன்னு சொன்னா கார்டு எடுக்க மாட்டாரு, ஜிபே மட்டும். அப்பறம் கன்ட்ரோல் சொல்யூஷன், அதாவது மெஷின் சரியா காட்டுதான்னு செக் பண்ற திரவம், அது அவர்கிட்ட மட்டுமில்ல, நான் கேட்ட எந்தக் கடையிலயும் ஸ்டாக் இல்ல, கம்பெனிக்கு போன் போட்டு வாங்க வேண்டியதா போச்சு.

ஆன்லைன்ல மலிவுதான், இல்லேங்கல. மழைக்காலம், மார்கழின்னா நானே எப்பவாவது போடுறதுண்டு. சித்திரை வைகாசியில போட மாட்டேன். நெறய ஸ்ட்ரிப் டப்பாவுல 30 டிகிரிக்கு மேல வைக்காதன்னுதான் அச்சடிச்சிருக்கான், இங்க வெளியில 38, 40ன்னு கொதிக்குது, அந்த வெயில்ல டெலிவரி வண்டிக்குள்ள, அப்பறம் ஏதோ தகரக் கொட்டாயில ஒரு ராத்திரின்னு வர்ற பார்சல்ல என்ன நடந்திருக்கும்னு யாருக்குத் தெரியும்.

வீட்டுல வைக்குறதுக்கு பிரிட்ஜ் வேணாம். இன்சுலின்தான் பிரிட்ஜ்ல, ஸ்ட்ரிப்ப பிரிட்ஜ்லேர்ந்து எடுத்து வெளிய திறந்தா தண்ணி கோத்துக்கும். டிவி மேல, ஜன்னல் ஓரம், சமையக்கட்டு அலமாரி எதுவும் ஆகாது. எங்க வீடு பழைய வீடு, சுண்ணாம்புச் சுவரு, ஆத்தங்குடிக் கல்லு தரை, ரெண்டாங்கட்டுல வெயிலே எட்டிப் பாக்காத ஒரு அறை இருக்கு, முன்ன ஊறுகாய் ஜாடி இருந்த எடம், அங்கதான் டப்பா இருக்கு. முகப்புல உக்காந்தா வேத்து ஊத்துற நேரத்துலயும் அங்க குளுகுளுன்னு இருக்கும். புது கான்கிரீட் வீட்டுக்காரங்க கட்டிலுக்கு அடியில ஒரு மர டப்பாவுல வைக்கலாம். டப்பாவ திறந்த தேதிய பேனாவால மேலயே எழுதிருங்க, சில கம்பெனி திறந்து இத்தன மாசத்துக்குள்ள முடிச்சிரணும்னு போட்டிருப்பான், சிலது எக்ஸ்பைரி வரைக்கும் ஓடும், டப்பாவுல உள்ளத படிச்சாத்தான் தெரியும்.

மெஷின் எதுன்னு கேட்டா, அந்தக் கடையில எப்பவும் நிக்குற ஸ்ட்ரிப்ப பாத்துட்டு அக்யூ-செக் இன்ஸ்டன்ட் வாங்கினோம். நல்லாருக்கு. ஸ்ட்ரிப் நுனி அகலம், கை நடுங்குனாலும் ரத்தத்த பக்கவாட்டுல எங்க தொட்டாலும் இழுத்துக்கும், நாலு செகண்டுக்குள்ள நம்பர் வந்துரும், நம்பர் பெருசா தெரியும், பக்கத்துல ஒரு கலர் பட்டை, அம்புக்குறி பச்சையில நின்னா சரி, மேல போனா ஏறிக் கிடக்கு, செவப்புல நின்னா எறங்கிருச்சு. எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவுக்கு இந்தப் பட்டை ரொம்பப் பிடிச்சுப் போச்சு, இப்ப எங்ககிட்ட நம்பர் கேக்குறதில்ல, "பச்சையா, இல்லையா"ன்னுதான் கேக்கும். போன்ல இணைக்கிற வசதியும் இருக்கு, எனக்கு அது தேவைப்படல, காலண்டர்ல எழுதுறதே போதும், டாக்டரும் அதத்தான் ஆசையா பாக்குறாரு. 50 ஸ்ட்ரிப் டப்பா ஆயிரம் ரூவாய ஒட்டி வருது, அதாவது ஒரு குத்துக்கு இருபது ரூவா. கையக் கடிக்குதுன்னா டாக்டர் மோர்பென் பிஜி-03 பாருங்க, பக்கத்து வீட்டு ஆச்சி அதத்தான் வச்சிருக்காங்க, ஸ்ட்ரிப் நல்ல மலிவு, ரத்தமும் கொஞ்சூண்டு போதும். கான்டூர் பிளஸ்ல ஒரு நல்ல விஷயம், ரத்தம் பத்தலைன்னா அரை நிமிஷத்துக்குள்ள அதே ஸ்ட்ரிப்புல இன்னொரு சொட்டு தொட்டுக்கலாம், மத்ததுல எர்ரர் காட்டி ஸ்ட்ரிப் வீணாகும், ரத்தம் லேசுல வராத விரலுக்கு அது லாபம். மூணுல எது வாங்குனாலும் சரிதான், ஊர்ல ஸ்ட்ரிப் இருக்கணும், அம்புட்டுத்தான்.

பயன்படுத்துறதுல முக்கியமா ஒண்ணு, கை கழுவுறது. வீட்டுல ஒரு விசேஷத்துக்கு பலகாரம் போட்டுக்கிட்டிருந்தப்ப அப்பத்தா அதிரசத்துக்குப் பாகுபதம் பாத்துட்டு, சீலையில கையத் தொடச்சுட்டு வந்து விரல நீட்டுச்சு, மெஷின்ல 300க்கு மேல காட்டுது. எல்லாரும் ஒரே சத்தம், யாரும் பாக்காதப்ப தின்னுருச்சுன்னு அம்மா ஒரு பக்கம், திங்கவே இல்லன்னு அப்பத்தா ஒரு பக்கம் கண்ணக் கசக்குது. சோப்பு போட்டு கழுவி, நல்லா தொடச்சு வேற விரல்ல பாத்தா 150 சொச்சம். விரல்ல ஒட்டியிருந்த வெல்லப்பாகுதான் அது. மாம்பழம், வாழைப்பழம் உரிச்ச கையும் இப்படித்தான். பழிய அப்பத்தா மேல போட்டதுக்கு அம்மா அன்னைக்கு பூரா அதுகூட பேசிச் சமாதானம் பண்ண வேண்டியதா இருந்துச்சு, அது வேற கதை. ஸ்பிரிட் போட்டு தொடைக்கிறவங்க அது காஞ்ச அப்பறம் குத்துங்க, ஈரத்தோட குத்தாதீங்க. கழுவ வழியில்லாத எடத்துல முதல் சொட்ட பஞ்சால தொடச்சுட்டு ரெண்டாவது சொட்ட எடுங்க. விரல் நுனியில நட்டநடுவுல குத்தாம ஓரமா குத்துங்க, வலி கம்மி. தெனம் விரல மாத்துங்க. ரத்தம் வரலைன்னு பிசைஞ்சு எடுக்குறது சரியில்ல, கையக் கொஞ்ச நேரம் தொங்கப் போட்டுட்டு குத்துனா தானா வரும்.

சில பேரு லேப்ல 160, வீட்டுல 178 காட்டுது, மெஷின் டுபாக்கூர்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கு வர்றாங்களாம். டுபாக்கூர் இல்லங்க. இந்த மெஷினுக்கெல்லாம் உலகத் தரம்னு ஒண்ணு இருக்கு, 2013ல வந்த ஐஎஸ்ஓ 15197, அதுப்படி 100க்கு மேல உள்ள ரீடிங்குல 15 சதவீதம் முன்னப்பின்ன இருக்கலாம், 100க்குக் கீழ 15 பாயிண்ட், நூத்துல 95 தடவ இதுக்குள்ள வந்தா பாஸ். அதுபோக சாப்பிட்ட அப்பறம் விரல் நுனி ரத்தத்துல சக்கரை கையில நரம்புல எடுக்குற ரத்தத்த விட கூடுதலாத்தான் இருக்கும். ரத்தசோகை உள்ளவங்களுக்கு மெஷின் கூட்டிக் காட்டும். அதனால லேப் ரிசல்ட்ட வீட்டு மெஷினோட ஒத்துப் பாக்கணும்னா வெறும் வயித்துல, லேப்ல ரத்தம் எடுக்குற அதே நேரத்துல பாத்தா ஏதோ நியாயம். சுகர் இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது லேப் வேலை, வெறும் வயித்துல 126, எச்பிஏ1சி 6.5 அதெல்லாம் அங்கதான். வீட்டு மெஷின் தெனப்படி போக்கு தெரிஞ்சுக்கத்தான்.

இந்த மெஷின் காசு எங்களுக்கு வசூலானது ஒரு சஷ்டி விரதத்தன்னைக்கு. அப்பத்தா சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையோட கிளிமிபிரைடும் சாப்பிடுது, அந்த ரெண்டாவது மாத்திரைய போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் எறங்கிரும். விரதம்னு எங்ககிட்ட சொல்லாம மாத்திரைய மட்டும் முழுங்கிருச்சு. மத்தியானம் வேத்து, கை நடுங்கி, பட்டாலையில அப்படியே சாஞ்சிருச்சு. முன்னெல்லாம்னா வெயில், பித்தம்னு எலுமிச்சம்பழத்த உப்புப் போட்டுப் பிழிஞ்சு குடுத்திருப்போம். பாத்தா 58. சக்கரைய தண்ணியில கரைச்சுக் குடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாத்து, 70ஐ தாண்டுன அப்பறந்தான் எனக்கு மூச்சு வந்துச்சு, அப்பறம் ரெண்டு இட்லி. 70க்குக் கீழ போனா 15 கிராம் சக்கரை, அதாவது மூணு டீஸ்பூன், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட், ஏறலைன்னா மறுபடி சக்கரை. மயங்கிக் கெடக்குறவங்க வாயில மட்டும் எதையும் ஊத்தாதீங்க, 108க்கு போன் போடுங்க. அதுக்கப்பறம் டாக்டர்கிட்ட சொன்னதும் மாத்திரை அளவ மாத்திட்டாரு, வயசானவங்களுக்கு ரொம்பக் கறாரா எறக்க வேணாம்னாரு.

மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டத்துல வர்ற அக்கா எங்க தெருவுக்கும் வர்றாங்க, பிரஷர் பாத்து, சுகர் பாத்து, மாத்திரையும் வீட்டுலயே குடுத்துட்டுப் போறாங்க. நல்ல திட்டம், எங்க வீட்டுல பிரஷர் மாத்திரை அதுலதான் ஓடுது. ஆனா அவங்க எப்பவாவது வந்து பாக்குறது வேற, இந்த மாதிரி தள்ளாடுற நேரத்துல கையில ஸ்ட்ரிப் இருக்குறது வேற. அந்த அக்காவே "சொந்தமா ஒண்ணு வச்சுக்கங்க தம்பி"ன்னுதான் சொன்னாங்க.

இன்னொரு எச்சரிக்கை, சொந்தபந்தம். சாமிக்குப் படைக்கிற படைப்புக்கு எல்லாரும் கூடுன அன்னைக்கு அப்பத்தாவுக்கு வளவுல உக்காத்தி வச்சு பாத்தேன், அம்புட்டுத்தான், "எனக்கும் ஒருதடவ பாரப்பு", "அப்படியே எனக்கும்"னு வரிசை கட்டிட்டாங்க. புது டப்பா ஒரே சாயங்காலத்துல பாதியாச்சு. காசு கெடக்கட்டும், அதுல அயித்தான் ஒருத்தருக்கு சாப்பிட்ட பின்னாடி 280 காட்டுச்சு, அதுவரைக்கும் சுகர்னு அவருக்கே தெரியாது, லேபுக்கு அனுப்பி உறுதியாகி இப்ப மாத்திரை எடுக்குறாரு. 2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வுல நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சுகர்னு படிச்சப்ப பெருசா தெரியல, வளவுல வரிசையப் பாத்தப்பதான் நம்புனேன். ஆனா ஒண்ணு, விரல்ல குத்துற ஊசி ஆளுக்கு ஒண்ணு. ஒரே ஊசிய ரெண்டு பேருக்குப் போட்டா மஞ்சக்காமாலை பி கிருமி ஒட்டிக்கும். தனக்குத்தானே ஒரே ஊசிய மறுபடி மறுபடி போடுறவங்க நெறயப் பேரு, முனை மழுங்கி வலி கூடும், ஊசி என்ன, 100 வாங்குனா ஒண்ணு ஓரிரு ரூவாதான், அதுல போய் மிச்சம் பிடிக்காதீங்க.

குத்துன ஊசிய அப்படியே குப்பையில போடாதீங்க. காரைக்குடி மாநகராட்சி ஆயிருச்சு, குப்பை பிரிக்கிறது இன்னும் அக்காங்க கையாலதான். ஒரு பழைய ஷாம்பு டப்பாவுல போட்டு, ரொம்புனதும் மூடிய டேப் ஒட்டி, மேல ஊசின்னு எழுதி தனியா குடுங்க.

கடைக்கு 5க்கு 4.5, கார்டு மிஷின் இல்லாததுக்கு அரை மார்க் கட். மெஷினுக்கு 4, ஸ்ட்ரிப் விலை கொஞ்சம் எறங்கினா அதுவும் ஏறும். கடை ஞாயித்துக்கிழமை மத்தியானத்தோட சாத்திருவாரு, பொங்கலுக்கு மூணு நாளு தெறக்குறதே இல்ல, டப்பாவுல பத்து ஸ்ட்ரிப் இருக்கும்போதே போன் போட்டு எடுத்து வைக்கச் சொல்லிருங்க.